மலம்புழா போன மே தினம்

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் சங்கத்தில் சேரும் படிவம் கைமாறிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைப் பெண் என் பக்கம் சாய்ந்து, நம்ம மேனேஜர்தான் தங்கமான மனுஷராயிற்றே, பிறகு எதற்கு இதெல்லாம் என்று கேட்டாள். நான் கையெழுத்துப் போட்டு, படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். தங்கமான மனிதர்களைப் பற்றி எனக்கு ஒன்பது வயதிலேயே கொஞ்சம் தெரியும்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்புசெட் கம்பெனியில் அம்மா காயில் கட்டினாள். செப்புக் கம்பியைச் சுற்றி மோட்டாரின் வயிற்றுக்குள் இறக்கிக் கட்டும் வேலை. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துதான் செய்வார்கள், ஆனால் விரல் நுனியில் கண் இருக்க வேண்டும். அக்கா கட்டிய மோட்டார் பத்து வருஷம் புகையாது என்று சித்தி பெருமையடித்துக்கொள்வாள். சித்தி எங்கள் வீட்டிலேயே இருந்தாள், அதே கம்பெனியில் பேக்கிங் வேலை. அப்பா லாரியோடு மாதத்தில் இருபது நாள் வடக்கே இருப்பார். ஆக, வீட்டில் ஆள்வதற்கு இரண்டு பேர், ஆளப்படுவதற்கு நான் ஒருத்தி.

முதலாளி நல்லவர். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. எனக்குக் காது குத்தியபோது வீட்டுக்கு வந்து எங்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனவர். ஆனால் கோடையில் மோட்டாருக்குக் கிராக்கி அதிகம் என்பதால் மே ஒன்றாம் தேதியும் கம்பெனி ஓடும். அந்த வருஷம் அம்மாவையும் சேர்த்துக் காயில் கட்டும் எட்டுப் பெண்களும் சங்கத்தில் சேர்ந்து, மே தினத்துக்குச் சம்பளத்தோடு விடுமுறை வேண்டும், அதை விடுமுறைப் பட்டியலில் எழுதி ஒட்ட வேண்டும் என்று கேட்டார்கள். முதலாளி சிரித்தாராம். லீவு என்ன லீவு, அன்றைக்கு எல்லாரும் குடும்பத்தோடு மலம்புழா அணைக்குப் போய் வரலாம், பஸ்ஸும் சாப்பாடும் என் பொறுப்பு என்றுவிட்டார். பட்டியலைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்கவில்லை. பஸ் புறப்படுவது காலை ஏழு மணிக்கு. எட்டுப் பேரும் கம்பெனி கேட்டுக்கு வெளியே சங்கக் கொடி ஏற்றுவதாக முடிவு செய்திருந்ததும் அதே ஏழு மணிக்குத்தான்.

கேட்டதற்கு மேலேயே கிடைத்திருக்கிறது, இன்னும் என்ன வேண்டுமாம் என்று ஊரே பேசியது. நானும் அதையே அம்மாவிடம் கேட்டேன்.

"நல்லவருதான் கண்ணு. மனசு வந்தா கூட்டிட்டுப் போவாரு. மனசு வராத வருசம் என்ன பண்றது?" என்றாள்.

எனக்கு மனசு வந்த வருஷமே போதும் என்றிருந்தது. மலம்புழா போயே ஆக வேண்டும் என்று ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் அழுதேன். கடைசியில் அம்மாவே ரெட்டைச் சடை பின்னிவிட்டு, சித்தியோடு பஸ்ஸில் அனுப்பிவைத்தாள். கேட்டைத் தாண்டும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். எட்டுப் பெண்கள், ஒரு மூங்கில் கம்பம், ஒரு தட்டில் ஆரஞ்சு மிட்டாய். அம்மா எனக்குக் கை காட்டினாள். பஸ்ஸில் எல்லாரும் பார்க்கிறார்களே என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மலம்புழாவில் அணை பார்த்தேன், தொங்கு பாலத்தில் நடந்தேன், துணியில்லாத பெரிய பெண் சிலை ஒன்று வந்தபோது சித்தி என் முகத்தைப் பிடித்து வேறு பக்கம் திருப்பினாள். மதியம் முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையாக லட்டு வைத்து வந்தார். என்னிடம் வந்ததும், அம்மா ஏன் வரவில்லை என்று கேட்டார். என்ன சொல்ல வேண்டும் என்று சித்தி பஸ்ஸிலேயே சொல்லிக்கொடுத்திருந்தாள். அக்காவின் வேலை போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். காய்ச்சல் என்றேன். யாரும் கேட்காமலே, விடிய விடிய முனகிக்கொண்டிருந்தாள் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் என் இலையில் இன்னொரு லட்டு வைத்தார். புறப்படும்போது ஒரு பை சாத்துக்குடி கொடுத்து, அம்மாவை இரண்டு நாள் படுத்திருக்கச் சொல்லு என்றார்.

வீட்டில் அம்மா பையைப் பார்த்தாள், பிறகு சித்தியைப் பார்த்தாள். சித்தி எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அம்மா யாரையும் திட்டவில்லை. மறுநாள் காலை அந்தப் பையோடு, பள்ளி விடுமுறையில் இருந்த என்னையும் கையில் பிடித்துக்கொண்டு கம்பெனிக்குப் போனாள்.

மற்ற ஏழு பேரையும் பின்பக்கம் வெயிலில் உட்காரவைத்திருந்தார்கள். வார்ப்படத்திலிருந்து வந்த இரும்பைச் சுத்தியலால் தட்டிப் பிசிறு எடுக்கும் வேலை. ஆண்களே அலுத்துக்கொள்ளும் வேலை. உள்ளே ஃபேனுக்குக் கீழே அம்மாவின் இடம் மட்டும் அவளுக்காக அப்படியே இருந்தது.

"ஏனம்மணி, காச்சலோட எதுக்கு வந்தே?" என்றார் முதலாளி.

"காச்சல் இல்லீங்க. நேத்து நானும் கேட்டுலதானுங்க நின்னேன்."

அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தெரியும் அம்மணி. வாட்ச்மேன் நேத்தே சொல்லிப்போட்டான். பாப்பா சொன்னதே இருந்துட்டுப் போகட்டும்னு பாத்தேன். நீ போயி உன்ற எடத்துல உக்காரு."

அது இரக்கமா, எட்டில் ஒன்றைப் பிரித்தெடுக்கும் சாமர்த்தியமா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அம்மா சாத்துக்குடிப் பையை மேசை மேல் வைத்தாள்.

"எனக்கு மட்டும் எப்படீங்க?" என்றாள். கும்பிட்டுவிட்டு வெளியே போய், ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு அந்த ஏழு பேரோடு உட்கார்ந்தாள்.

எனக்கு உலகமே இடிந்துவிட்டது. இரண்டு லட்டு வைத்தவர் முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாள். அம்மாவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

பதினைந்து நாள் அவர்கள் இரும்பு தட்டினார்கள். அதற்குள் புதிய ஆட்கள் கட்டிய மோட்டார்கள் புகைந்து புகைந்து திரும்பி வரவே, எட்டுப் பேரையும் ஒன்றாக உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். அடுத்த வருஷம் விடுமுறைப் பட்டியலில் மே ஒன்று ஏறியது. அந்தப் பட்டியலை அம்மா எனக்கு விரல் வைத்துக் காட்டியது நினைவிருக்கிறது. இன்று என் அலுவலகக் காலண்டரில் அந்தத் தேதி சிவப்பாகவே அச்சாகி வருகிறது, யாரும் நின்று பார்ப்பதில்லை.

அந்தப் பதினைந்து நாளில் ஒரு சாயங்காலம், அம்மா கொப்புளம் கண்ட கைகளைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல் மடங்காததால் எனக்குச் சடை பின்னிவிட முடியவில்லை. அந்தக் கைகளைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் போய் அழுகை வந்தது. நான் பொய் சொன்னதைச் சரிசெய்யத்தானே இவ்வளவு கஷ்டமும் என்று நினைத்து, இனிமேல் பொய்யே சொல்ல மாட்டேன் என்றேன்.

அம்மா சிரித்தாள். "பொய் சொன்னதுக்கு ஆரு கண்ணு உன்னையத் திட்டுனா? சொன்னதுதான் சொன்னே, எட்டுப் பேத்துக்கும் சேத்திக் காச்சல்னு சொல்லியிருக்கலாமல்ல."

எட்டுப் பேருக்கும் ஒரே நாளில் எப்படிக் காய்ச்சல் வரும், அதை யார் நம்புவார்கள்? அம்மாவுக்குப் பொய்கூடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லையே என்று எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.