பச்சைப் புள்ளி நகரவில்லை

பனியன் கம்பெனியின் செக்கிங் மெஷின் முன்னால் நின்றதும் ஜெயபாரதி செய்யும் முதல் வேலை, தன் மூக்குத்தியின்மேல் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்வது. துணியில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுகிற அதே ஸ்டிக்கர்தான். "கல்லு மினுங்குச்சுன்னா கண்ணு அங்க போயிருதுங்க" என்பார்.

விளக்கெரியும் கண்ணாடிப் பலகைமேல் பனியன் துணி ஓடத் தொடங்கும். மற்ற செக்கர்கள் இடமும் வலமுமாகத் தலையைத் திருப்புவார்கள். இவர் அசையாமல் நிற்பார். "கண்ணைக் கடுகளவு நகத்துனாப் போதுமுங்க, முழுத் துணியும் தெரியும்." திடீரென்று கை பாயும். அம்பு விழுந்த இடத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கும்.

மதியம் கண்ணை மூடிக்கொண்டுதான் சாப்பிடுவார். "சோத்துல என்ன டேமேஜா பாக்கப்போறனுங்க?" ஆனால் வீடு திரும்பும் வீரபாண்டி பஸ்ஸில் அந்தக் கண் ஓயாது. முன்னால் நிற்பவரின் தோளைத் தட்டி, "ஏனுங்க, உங்க பனியன் முதுகுல ஊசி கெட்டு விழுந்த கோடு ஓடுதுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்.

இந்தக் கண்ணைப் பதிவு செய்து புதியவர்களுக்குப் பழக்கலாம் என்று கம்பெனி ஒரு கருவியை வரவழைத்தது. மூக்குக்கண்ணாடி போலிருந்தது. மாட்டியவர் பார்க்கும் இடத்தை டேப்லெட்டில் பச்சைப் புள்ளியாகக் காட்டும். மூன்று நாள் மாட்டிப் பார்த்தும் ஜெயபாரதியின் புள்ளி ஒரே இடத்தில் நின்றது.

"அக்கா பாக்கறதே இல்லீங்க சார். குத்துமதிப்பா ஒட்டறாங்க" என்றார் கருவியோடு வந்த இன்ஜினியர் வேல்குமார்.

மேனேஜர் தங்கவேலு தயங்கித்தான் சொன்னார்: "திங்கக்கெழமையிருந்து நூல் பிசிறு வெட்டப் போயிருங்கம்மா."

பதினாறு வருஷம் நின்ற இடம். ஜெயபாரதி கண்ணாடியைக் கையிலெடுத்தார். "அந்தக் கண்ணாடிய ஒருக்கா செக் பண்ணிரலாமுங்களா?"

மெஷினை நிறுத்தினார். ஊக்கை எடுத்து, வாழ்நாளில் முதல்முறையாகத் தானே துணியில் ஓட்டை போட்டார். ஒன்றல்ல, கடுகளவு இடைவெளியில் இரண்டு. கண்ணாடியை வேல்குமாருக்கு மாட்டிவிட்டார்.

"நாஞ் சொல்லச் சொல்ல மாத்தி மாத்திப் பாருங்க கண்ணு. இது... அது... இது... அது..."

தையல் லைன் பெண்கள் மிதியை விட்டுவிட்டு ஓடிவந்து டேப்லெட்டை எட்டிப் பார்த்தார்கள். பச்சைப் புள்ளி ஆணியடித்ததுபோல் நின்றது.

"பாத்தீங்களா?"

"பத்து வாட்டி மாத்திட்டனுங்கக்கா."

"புள்ளி நவுரவே இல்லீங்களே. தூங்கறீங்களாட்ட இருக்குது."

சிரிப்பு கூரைத் தகரத்தில் மோதித் திரும்பியது. தங்கவேலு கண்ணாடியைப் பிடுங்கித் தானே மாட்டி, இரண்டு ஓட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய புள்ளியும் தூங்கியது.

"என்ர கண்ணு நல்லாத்தான் போயிட்டு வருது" என்றார். "இத்தனை சின்ன அசைவு இதுக்குப் புடிபடலயாட்ட இருக்குது." கழற்றி, ஜெயபாரதியிடமே நீட்டினார்.

ஜெயபாரதி அதை வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு மூக்குத்தியிலிருந்த அம்பை உரித்து, கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டினார்.