சொல்லக்கூடிய வியாதி

எனக்குக் கொலஸ்ட்ரோல் கூடியிருக்கிறது என்று பதுளை கிளினிக்கில் டாக்டரம்மா சொன்ன அன்று அம்மா சிரித்தாள். பிள்ளைக்கு வியாதி வந்ததற்குச் சந்தோஷப்பட்ட தாய் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பிறவியிலேயே எச்.ஐ.வி. இருந்தது, அம்மாவிடமிருந்து வந்தது. அது அவளுக்கும் எங்களோடு இருந்த மாமாவுக்கும் மட்டும் தெரியும், எனக்குத் தெரியாது. சத்து மாத்திரை என்று கொடுப்பதை விழுங்குவேன். கிளினிக் நாளில், விடியற்காலைப் பனிக்குள் விளக்கெரிய வரும் பஸ்ஸில் ஏறி அம்மா மடியில் சாய்வேன். தேயிலை மலைகள் ஜன்னலுக்கு வெளியே போகின்றனவா, கனவுக்குள் வருகின்றனவா என்றே தெரியாது.

ஒரே கூரையின் கீழ் ஒற்றையறை வீடுகள் ஒட்டிக்கொண்டிருந்த எங்கள் லயத்தில், இங்கே தும்மினால் அடுத்த காம்பராவிலிருந்து 'நூறு வயசு' என்பார்கள். அங்கே போய் வியாதியை மறைப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அம்மா எனக்கு வயிற்றில் பூச்சி என்றாள், இழுப்பு என்றாள், ரத்தம் பத்தாது என்றாள். சொல்லச் சொல்லப் பொய்கள் தீர்ந்துகொண்டு வந்தன. "மாசாமாசம் புள்ளையத் தூக்கிட்டு ஓடுறியே, அப்படி என்னாதாண்டி அவளுக்கு?" என்று பக்கத்துக் காம்பரா பெரியம்மா, எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் கேட்டேவிட்டாள். உண்மை தெரிந்தால் ஒரு பிள்ளையையும் என்னோடு சேரவிட மாட்டார்கள் என்பது அம்மாவின் பயம்.

மாத்திரை ஒன்றினால் கூடிய கொழுப்பு அது. விட்டால் பின்னால் இதயத்துக்கு ஆகாது என்று டாக்டரம்மா கவலைப்பட்டார். அம்மாவுக்கோ வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரு வியாதி கிடைத்துவிட்டது. அன்று மாலையே பீலியடியில் அறிவித்தாள்.

"கொலஸ்ட்ரோலா? அது தொரைமாருக்கு வர்ற வியாதில்ல! இவ ஈர்க்குச்சியாட்டம் இருக்கா!" என்று பெரியம்மா வாயில் கைவைத்தாள். அன்றிலிருந்து லயத்தில் எனக்குப் பெயர் குட்டித் தொரைசானி. ஒருத்தி பூண்டு கொடுத்தாள், பெரியம்மா வல்லாரை பறித்து வந்தாள். எனக்காக மாமாவும் ரொட்டிக்குத் தேங்காய்ச் சம்பல் கேட்பதை விட்டார், இழவு வீட்டு முகத்தோடு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா என் தலை வாரும்போது பாட்டு முணுமுணுக்கத் தொடங்கியிருந்தாள்.

டாக்டரம்மா மாத்திரையை மாற்றினார். சில மாதங்களில் கொழுப்பு இறங்கிவிட்டது. கெட்டிக்காரி என்று என் கன்னத்தைத் தட்டினார். ஓடிப்போய் லயம் முழுக்கச் சொல்ல எனக்குக் கால் பரபரத்தது. பஸ்ஸில் அம்மா என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். பனி ஜன்னலை மூடிக்கொண்டு வந்தது.

"கொறஞ்சிருச்சின்னு யாருகிட்டயும் சொல்லாத, சாமி. இருக்குறதாவே இருக்கட்டும்."

தொரைசானிப் பட்டம் போய்விடும் என்றுதான் சொல்கிறாள் என நினைத்து, நானும் சம்மதித்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பெரியம்மா எதிரே வந்தாள். "என்னாடி, கொறஞ்சிருக்கா?"

"இல்லக்கா," என்றாள் அம்மா. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. பெரியம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, "அழாதடி, மருந்து இருக்குல்ல, ஆத்தா பாத்துக்குவா," என்று முதுகைத் தடவினாள். தேம்பித் தேம்பி அழுத அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். இல்லாத வியாதிக்கு அவள் அத்தனை நிஜமாக அழுததுதான் எனக்கு அன்று விளங்கவில்லை.