கம்பெனி வாசலில் நிற்காத அண்ணி

மழைக்கும் விரிக்காத, வெயிலுக்கும் விரிக்காத ஒரு கறுப்புக் குடை. கோட்டுச்சேரிச் சாலையில் புதிதாக வந்திருந்த நைலான் வலைக் கம்பெனியின் மேஸ்திரி அதை எப்போதும் மடித்தபடியே கையில் வைத்திருப்பார். காலையில் கேட்டுக்கு வெளியே பெண்கள் கூட்டமாக நிற்பார்கள். அவர் வந்து குடையின் நுனியால் சுட்டுவார். "நீ வா. நீ வா. நீ அப்பறம் பாக்கலாம்." சுட்டப்பட்டவளுக்கு அன்றைக்கு வேலை. மற்றவர்கள் தூக்குவாளியோடு வந்த வழியே நடக்க வேண்டியதுதான். எண்பதுகளின் நடுவில் பார்த்தது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தக் கேட்டில் நான் கேள்வி கேட்கப் போய் நின்றேன். பட்டப்படிப்பு முடித்த கையோடு, காரைக்கால் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் ஆய்வில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தேன். ஆற்றில் தண்ணீர் எப்போது வரும், வருமா என்றே தெரியாத வருடங்கள் அவை. வயலை நம்பியிருந்தவர்கள் எந்த வேலைக்கு மாறுகிறார்கள், வேலை கொடுப்பவருக்கும் செய்பவருக்கும் இருந்த உறவு என்ன ஆகிறது என்பதுதான் ஆய்வு. விழிதியூரில் அண்ணன் வீட்டில் தங்கி, ஊர் ஊராகச் சைக்கிளில் போய்க் கேட்டு எழுதுவேன். சாயங்காலம் வீடு திரும்பினால் அண்ணி வாசலிலேயே பிடித்துக்கொள்வாள். "வேல போச்சா, வேல போச்சான்னு வீடு வீடா கேக்குறியே பாப்பா, ஒன் வாயில நல்ல வார்த்தயே வராதா?"

அண்ணி அப்படித்தான். வெட்டு ஒன்று துண்டு இரண்டு. எங்கள் தெருவின் நடவுப் பெண்களுக்கு அவள்தான் தலைமை. நடவுக்கு ஆள் வேண்டுமென்றால் பண்ணையின் காரியக்காரர் முதல்நாள் பொழுது சாய்வதற்குள் தெருவுக்கு வந்து அவளிடம் கேட்க வேண்டும். யார் யார் வருவது என்பதை அவள் முடிவு செய்வாள். எவளும் தானாகப் போய் வரப்பில் நின்று வேலை கேட்டதில்லை. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வரிசையில் பின்தங்கினால் இரண்டு பக்கமும் இருப்பவர்கள் அவள் பங்கையும் சேர்த்து நட்டுவிடுவார்கள். கூலி எல்லோருக்கும் ஒன்றுதான். குறுவை பொய்த்து வயல் காய்ந்ததும் இந்த ஏற்பாடு முழுவதும் படுத்துவிட்டது. உழவுக்குப் போய்க்கொண்டிருந்த அண்ணன் வீட்டோடு முடங்கினார். அண்ணியும் அவள் கூட்டமும் வலைக் கம்பெனி கேட்டில் வந்து நின்றார்கள்.

அண்ணிக்கு மட்டும் தினமும் வேலை கிடைத்தது. அவள் கைவேகம் அப்படி. மிஷினில் இருந்து வரும் வலையில் அங்கங்கே முடிச்சு விட்டுப்போயிருக்கும். பெண்கள் வரிசையாக நின்று வலையை விரித்துப் பிடித்து, விட்டுப்போன இடத்தில் முடிச்சுப் போட வேண்டும். எதிர்வீட்டில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி இருந்தாள். அவளை மேஸ்திரி ஒருநாளும் கூப்பிடவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள், நிற்பாள், போவாள்.

ஒரு காலை வழக்கம்போல முதலில் அண்ணியைத்தான் குடை சுட்டியது. அவள் உள்ளே போகக் காலெடுத்து வைத்தவள், திரும்பி அந்தக் கைக்குழந்தைக்காரியைப் பார்த்தாள். எடுத்த காலைப் பின்னால் வைத்தாள். "ஆளு வேணும்னா தெருவுக்கு வந்து கேளுங்க. எங்க பக்கத்துல அதான் பழக்கம்."

"தாம்பாளத் தட்டோட வரவாம்மா?" என்று மேஸ்திரி சிரித்தார். மற்ற ஊர்ப் பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். அண்ணி நடந்துவிட்டாள். எங்கள் தெருப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அத்தனை பேரும் அவள் பின்னால் நடந்தார்கள்.

வீட்டில் பூகம்பம். "கெடச்ச வேலய ஒதறிட்டு வந்துட்டியே, வீம்பு சோறு போடுமாடி?" என்று அண்ணன் கத்தினார். அவர் கத்தியதிலும் நியாயம் இருந்தது. அந்த வீட்டில் வேறு வருமானம் ஏது? என் ஆய்வுச் சம்பளம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. நாள்கள் போயின, யாரும் வரவில்லை. கொம்யூன் பஞ்சாயத்தில் ரோடு வேலை இருக்கிறதா என்று கேட்கப் போன பெண்களும் வெறுங்கையோடு வந்தார்கள். அடுப்படியில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயமா இருக்கு பாப்பா. எங் கோவத்துல எல்லாரு அடுப்பயும் அணைச்சுட்டேனோ?" அவள் குரல் நடுங்கி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். நான் கூடவே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரம் பேராசிரியர் விழிதியூருக்கு வந்தார். எங்கள் கேள்விகளில் ஒன்று, 'உங்கள் முதலாளி யார்?' என்பது. அதற்கு இரண்டு பேர் ஒரே பதிலைச் சொன்னதில்லை. கம்பெனியைக் கேட்டால் அந்தப் பெண்கள் மேஸ்திரியின் ஆள்கள் என்பார்கள். மேஸ்திரியைக் கேட்டால் நான் வெறும் ஏஜெண்டுங்க என்பார். பேராசிரியர் அதையே அண்ணியிடம் கேட்டார். "கூப்புட்டவங்கதாங்க மொதலாளி. கூப்புடாமயே போயி நின்னா நமக்கு யாருங்க பொறுப்பு?" என்றாள். மனிதர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "இதத்தாம்மா நான் ரெண்டு வருஷமா எழுத வராம முழிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

இதற்குள் கம்பெனியில் வேலை நாறிப்போயிருந்தது. ஊருக்கு இரண்டு பேராகப் பொறுக்கி எடுத்த கைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒருத்தி இழுத்தால் இன்னொருத்தி தளர்த்தினாள். வலை மலையாகக் குவிந்தது. காரைக்கால்மேட்டுப் படகுக்காரர்கள் வந்து, பணம் கட்டிய வலை எங்கே என்று கேட்டு அலுவலகத்தில் சத்தம் போட்டார்கள்.

ஒரு சாயங்காலம் மேஸ்திரி எங்கள் தெருவில் நுழைந்தார். வெளியூர்க்காரர், பாவம், முறை தெரியாது. கைவேகக்காரிகளை மட்டும் தனியாகப் பிடித்துவிடலாம் என்று முதல் வீட்டில் கூப்பிட்டார். "என்னயவா கேக்குறீங்க? கடைசி வீட்டு அக்காவ கேளுங்க." அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டில் பதிலோடு ஒரு சொம்பு தண்ணீரும் கிடைத்தது. "தண்ணி குடிச்சுட்டு மெதுவா போங்க, கடைசி வீடுதான்." வீடு வீடாகத் தட்டி வேர்த்து விறுவிறுத்து அவர் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, அண்ணி முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப்பக்கம் ஓட வேண்டியதாயிற்று.

"எங்க கூட்டம் மொத்தமா வரும்" என்றாள் அண்ணி. "யாரு எங்க நிக்கிறதுன்னு நான் சொல்லுவேன். ஒருத்திக்கு முடியலன்னா வேற ஆள நான் அனுப்புவேன். வாரம் பொறக்குறதுக்கு முன்னாடியே வேல உண்டா இல்லியான்னு இங்க வந்து சொல்லிடணும். வந்த ஆள திருப்பி அனுப்புற கதயே கூடாது."

"கைக்கொழந்தக்காரி கூடவா?"

"அவதான் மொதல்ல."

மேஸ்திரி குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "சரிம்மா, காலையில வந்துடுங்க" என்றார்.

பிறகு நான் அரசு அலுவலகத்தில் சேர்ந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். நான் இருந்த பிரிவில் இன்று ஒப்பந்தப் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். அடுத்த மாதம் வேலை உண்டா என்று தெரியாமல் செல்போனை வெறித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மறுநாள் காலையைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வாய் துறுதுறுக்கும்.

மறுநாள் நானும் பேராசிரியரும் கேட்டருகே நின்றோம். எங்கள் தெருப் பெண்கள் ஒரே வரிசையில் வந்தார்கள். முன்னால் கைக்குழந்தைக்காரி, கடைசியில் அண்ணி. வாட்ச்மேன் கேட்டை அகலத் திறந்தான். உள்ளே போய் வலையை விரித்துப் பிடித்ததும், வயலில் முதல் நாற்று ஊன்றும்போது செய்வதைப் போல அண்ணி குலவையிட்டாள். அத்தனை பேரும் சேர்ந்துகொள்ள, தகரக் கூரை அதிர்ந்தது. மிஷின்காரர்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். நான் அழுதேன், வெட்கமே படவில்லை.

கேட்டுக்கு வெளியே, அன்றைக்குச் சிரித்த அதே பெண்கள் வேலைக்காக நின்றுகொண்டிருந்தார்கள். குலவை ஓய்ந்தது. பிறகு கோட்டுச்சேரிக்காரி ஒருத்தி தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டாள்.

"ஏன், நமக்குத் தெரு இல்லியா? வாங்கடி போவலாம். ஆளு வேணும்னா வந்து கேக்கட்டும்."

மேஸ்திரி ஆள் எடுக்க வெளியே வந்தபோது கேட்டில் ஒருத்தியும் இல்லை.