வீரம்மாள் கல் சுமந்த சுவர்

கொடைக்கானல் பஜாருக்குக் கீழே, லாரிகள் திரும்புகிற வளைவில், நகராட்சி கட்டிய கருங்கல் சுவருக்கு எத்தனையோ பேர் கல் சுமந்தார்கள். எல்லோரும் கூலிக்குச் சுமந்தார்கள். வீரம்மாள் மட்டும் புருஷனைத் தேடிச் சுமந்தாள்.

ஐம்பத்தாறாம் வருஷம் ஐப்பசி அடைமழையில் அந்தச் சரிவு இறங்கியது. விடிந்தும் விடியாத நேரம். மேட்டிலிருந்த மரங்கள் நின்ற வாக்கிலேயே நடந்து வந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ரோட்டோரத்து டீக்கடையும் உள்ளே இருந்த மூன்று பேரும் மண்ணுக்குள் போனார்கள். மூன்று பேரையும் தோண்டி எடுத்துவிட்டார்கள். நான்காவதாக ஒருவன் போனானா இல்லையா என்பதுதான் பிறகு ஊர் முழுக்கப் பேச்சாகக் கிடந்தது.

அந்த நான்காவது ஆள் வீரம்மாளின் புருஷன் மயில்சாமி. ஜலாலுதீன் ராவுத்தர் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். கவுஞ்சியிலிருந்து உருளைக்கிழங்கு லாரி வருகிற நாளில் வெள்ளனே கிளம்பி, அந்த வளைவு வழியாகத்தான் போவான். அன்றும் கிளம்பினான், மண்டிக்குப் போய்ச் சேரவில்லை. அதற்கு முதல் நாள் சாயங்காலம் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் குழம்பில் உப்புக் கூடியதற்காகப் பெரிய சண்டை. "இனிமே இந்த வீட்டு வாசல்ல கால் வச்சேன்னா கேளு" என்று அவன் கத்தியது தெருவுக்கே கேட்டது.

ஊருக்கு இது போதாதா? "மண்ணுக்குள்ள கெடக்கானோ, பாச்சலூர்ப் பக்கம் எவ வீட்டுல கெடக்கானோ" என்று ஆரம்பித்துவிட்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

பிணத்தைக் கண்ணால் பார்க்காமல் தாலி எடுக்கும் வழக்கம் அவர்கள் சனத்தில் கிடையாது. அதனால் வீரம்மாள் கழுத்தில் தாலி கிடந்தது. பொட்டு வைத்தால் ஒருத்தி சிரித்தாள், வைக்காவிட்டால் இன்னொருத்தி ஏசினாள். சுமங்கலிகளோடு உட்கார வைப்பதா, தாலியறுத்தவர்களோடு உட்கார வைப்பதா என்று தெரியாமல் விசேஷ வீடுகளில் அவளைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

அவளுக்கும் எதை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. செத்திருந்தால் அவன் தன் புருஷன். உயிரோடு இருந்தால் தன்னை விட்டு ஓடினவன். எங்கேயாவது உயிரோடு இருக்கட்டும் சாமி என்று கும்பிடுவாள். கும்பிட்ட கை இறங்குவதற்குள், பாவி மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும் என்று மனசு சொல்லும். அப்படி நினைத்ததற்காகத் தலையில் அடித்துக்கொண்டு அழுவாள்.

இரண்டு வருஷம் கழித்து, இன்னொரு மழைக்கு மிச்ச மேடும் இறங்கிவிடும் என்று பயந்து, நகராட்சி அங்கே சுவர் கட்ட ஏற்பாடு செய்தது. அடுத்த சீசனுக்குள் முடித்தாக வேண்டும் என்று உத்தரவு. வேலையைப் பார்த்துக்கொள்ள சுவாமிநாதன் என்ற ஓவர்சியர் வந்தார். நல்ல மனுஷன். முதல் நாளே வீரம்மாள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, அஸ்திவாரக் குழி தோண்டுற எடத்துல என்னையப் போடுங்க."

"அது ஆம்பளைங்களுக்கே கஷ்டமான சோலிம்மா. ஜல்லி ஒடைக்கப் போயேன்."

"வேணாங்க. நான் அள்ளுன மண்ணத்தான் நான் நம்புவேன்."

ஊர்க்கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது. சரி என்று தலையாட்டினார்.

சரிந்த மண்ணைத் தோண்டத் தோண்ட ஏதேதோ வந்தது. டீக்கடை பெஞ்சின் கால் வந்தது, நசுங்கிய அலுமினியச் சட்டி வந்தது. ஒரு நாள் கடப்பாரையில் எலும்பு தட்டியது. வீரம்மாள் மண் சுமந்த சட்டியைப் போட்டுவிட்டு ஓடி, குழிக்குள் குதித்து, கையாலேயே மண்ணைப் பறித்தாள். ஆட்டு எலும்பு. நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

தை முடியும் சமயம் குழி வேலை கடைசி மூலைக்கு வந்தது, வளைவில் இருந்த சின்னப் பாலத்தை ஒட்டிய மூலை. இனிமேல் மனுஷர்களால் ஆகாது என்று வீரம்மாள் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு பூம்பாறை வேலப்பர் கோயிலுக்குப் போனாள். இருக்கானா இல்லையா, ரெண்டில் ஒண்ணு காட்டு என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள். மறுநாள் வந்து பார்த்தால் அந்த மூலையில் மண் நிரவி, கான்கிரீட் போட்டு, முதல் வரிசைக் கல்லும் வைத்திருந்தார்கள்.

"ஒண்ணும் கெடைக்கலையா அண்ணே?" என்று தலைமைக் கொத்தனார் பொன்னுவேலிடம் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல தாயி" என்றான் அவன், கரண்டியைக் கழுவிக்கொண்டே.

அப்போதுதான் அவளுக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. தோண்ட வேண்டியதெல்லாம் தோண்டியாகிவிட்டது, ஆள் இல்லை. ஊர் சொன்னதுதான் நிஜம், ஓடித்தான் போயிருக்கிறான். அழுகை நின்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் இரண்டு ஆள் சுமையை ஒரே ஆளாகச் சுமந்தாள். கல்லை இறக்கும்போதெல்லாம் அவனை ஒரு வார்த்தை வைதாள். பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் பெயர் மட்டும் வராது, மற்றதெல்லாம் வரும். பாலத்து மூலையில் கல் வைத்துக்கொண்டிருந்த பொன்னுவேல் அதைக் கேட்டுக் கேட்டுத் தலையைக் குனிந்துகொள்வான். பொம்பளை வாய்க்குப் பயப்படுகிறான் என்று மற்றவர்கள் கேலி பண்ணினார்கள்.

சித்திரையில் சுவர் முடிந்தது. சேர்மன் திறந்து வைக்க வருவதாக ஏற்பாடு. ஆரத்தி எடுக்க வீரம்மாளைத்தான் கூப்பிட்டார் ஓவர்சியர். "இந்தச் சுவத்துல பாதி நீ சொமந்ததும்மா" என்றார். நல்ல காரியத்துக்கு ஒருத்தர் தன்னைக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று! பெட்டியிலிருந்த கல்யாணச் சேலையை எடுத்துக் கட்டினாள். பூ வைத்தாள். ஓடினவன் ஓடட்டும், நான் சுமங்கலிதானே என்று ஒரு வீம்பு.

தட்டோடு வந்து நின்றவளைப் பார்த்ததும் பொன்னுவேல் முகம் செத்துப்போயிற்று. குறுக்கே வந்து தட்டைப் பிடித்தான்.

"வேணாம் தாயி. நீ எடுக்கக் கூடாது."

"ஏண்ணே?"

"அன்னைக்கு நீ பூம்பாறைக்குப் போயிருந்தயில்ல... அந்த மூலையில அவன் கெடந்தான். மூட்டை தூக்குற கொக்கி கையிலயே இருந்துச்சு. மண்டிக்குத்தான் போயிருக்கான். ஒன் கண்ணுல காட்டுனா தாலி போயிருமே, பூவும் பொட்டுமா இருக்கட்டும்னு நாங்களே பேசி மூடிட்டோம். கர்ப்பூரம் கொளுத்தித்தான் மூடுனோம் தாயி."

வேலை நின்றுவிடும், போலீஸ் வரும் என்ற பயமும் இருந்தது. அதை அவன் சொல்லவில்லை. தாலியறுத்தவள் ஆரத்தி எடுத்தால் புதுச் சுவருக்கு ஆகாது என்ற பயம் வந்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது. பயம் இல்லாவிட்டால் அந்த இரக்கம் இன்னும் எத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்குமோ!

வீரம்மாள் தட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு ஓவர்சியரிடம் போனாள்.

"ஐயா, அந்த மூலையில மட்டும் நாலு கல்லு எடுத்துக் குடுங்க. ஒரு தடவ பாத்துட்டு நானே சொமந்து வச்சுத் தர்றேன்."

இதை அப்போதுதான் கேள்விப்பட்ட சுவாமிநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அது அடிக்கல்லும்மா. எடுத்தா மேல இருக்கிற மலையே வந்துரும்" என்றார்.

அது அவளுக்கும் தெரியும்.

ஜீப் வந்தது. வேறொருத்தி ஆரத்தி எடுத்தாள். சேர்மன் ரிப்பன் வெட்டிப் பேசினார், எல்லோரும் கை தட்டினார்கள். கூட்டம் கலைந்த பிறகும் வீரம்மாள் பாலத்து மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பொன்னுவேல் வந்து எதிரே குந்தினான்.

"என்னைய நாலு அறை அறைஞ்சிரு தாயி."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒங்களச் சொல்லி என்னண்ணே. நீங்க மண்ணத்தான் போட்டீங்க. நானுல்ல அவரு தலைக்கு மேல நின்னு, கல்லுக்குக் கல்லு ஓடுகாலி ஓடுகாலின்னு வஞ்சேன். அம்புட்டையும் கேட்டுக்கிட்டுல்ல கெடந்திருக்காரு."