நிரைக் கணக்கில் ஒரு ராணுவ வரைபடம்

பள்ளியில் நான்காம் ஆண்டில் என் கணக்குப் புத்தகத்துக்கு ஐரோப்பாவின் ஏதோ ஒரு மலைத்தொடர்தான் அட்டை. மலாய்ப் புத்தகத்துக்கு ஒரு கோட்டையும் அதைச் சுற்றிக்கொண்டு போகும் ஆறும். எல்லாம் சித்தப்பாவின் உபயம். அவர் போர்ட்டிக்சன் ராணுவ முகாமில் சமையற்கட்டு வேலையில் இருந்தார். ஆண்டு முடிந்ததும் அங்கே கழற்றிப் போடும் காலண்டர்களைச் சுருட்டிக்கொண்டு, சுவா ஊருக்கு உள்ளே தள்ளி இருந்த எங்கள் எஸ்டேட்டுக்கு மோட்டார் சைக்கிளில் வருவார். தாள் தடிமனாக, வழவழப்பாக இருக்கும். பள்ளி திறப்பதற்குள் அம்மா அத்தனை புத்தகங்களுக்கும் அட்டை போட்டு முடித்துவிடுவார்.

வழக்கமாகப் பறவைகள், அருவிகள் என்று வரும் காலண்டரில் அந்த ஆண்டு பன்னிரண்டு மாதமும் வரைபடங்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஐரோப்பாவில் ராணுவத்துக்காகக் கையால் வரைந்து, தூரிகையால் வண்ணம் தீட்டியவை. படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்துப் பார்த்ததாகச் சித்தப்பா சத்தியம் செய்தார்.

"சண்டைக்குப் போறதுக்கு முந்தி நாலு பேரக் குதிரையில அனுப்பிருவான் லா. குதிரை எத்தனை எட்டு வைக்குதுன்னு எண்ணிக்கிட்டே போயி படம் போடுவானுங்க. கல்லுக் கட்டடம்னா செவப்பு, பலகை வீடுன்னா கறுப்பு. எந்த ஊர்ல எத்தனை கிணறு, எத்தனை அடுப்பு, எந்தப் பாலம் பீரங்கி வண்டியத் தாங்கும், ஒண்ணு விடாம எழுதிருவான்."

சித்தப்பாவின் ஆங்கிலம் எங்கள் குடும்பத்தில் யாரும் நம்பாத சமாச்சாரம். பல ஆண்டுகள் கழித்து நானே தேடிப் படித்தபோதுதான், அவர் சொன்னதில் பெரும்பகுதி சரி என்று தெரிந்தது. தளபதியின் குதிரைக்குத் தினமும் கோப்பி கொடுப்பார்கள் என்றதை மட்டும் எங்குமே காணவில்லை.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், எங்கள் எஸ்டேட்டுக்கும் ஒரு ராணுவ வரைபடம் வேண்டும். எந்த ராணுவம் வரப்போகிறது என்றெல்லாம் யோசிக்கவில்லை. குதிரை இல்லையே என்பது மட்டும்தான் குறை. அதனால் ஊர் வழக்கப்படியே அளந்தேன். ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நிற்கும் இடத்தில் மைலும் சங்கிலியும் யாருக்கு வேண்டும்? ஒரு வரிசைக்கு ஒரு நிரை. பால் வெட்டப் போகிறவர்களுக்கு வேலையும் நிரைதான், தூரமும் நிரைதான். "இங்கிருந்து பத்து நிரை தள்ளிப் பாம்பு கெடக்கு" என்றால் குழந்தைக்குக்கூட எங்கே மிதிக்கக் கூடாது என்று புரியும்.

மூன்று சனிக்கிழமைகள் நிரை எண்ணினேன். காலண்டரின் டிசம்பர் தாளைத் திருப்பிப்போட்டு வரைந்தேன். ஆபீசும் மாரியம்மன் கோயிலும் சிவப்பு. எங்கள் லயத்து வரிசை வீடுகள் இருபத்து மூன்றும் பலகை வீடுகள், எனவே கறுப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்தில் தலைக் கணக்கும் கோழிக் கணக்கும் எழுதினேன். மூன்றாம் வீட்டு அத்தை எத்தனை கோழி என்று சொல்ல மறுத்துவிட்டார். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, 'சுமார் பதினொன்று' என்று போட்டுக்கொண்டேன். காண்டா வாய்க்காலில் இருந்த பலகைப் பாலம் பீரங்கியைத் தாங்காது என்று தெளிவாகக் குறித்தேன். சித்தப்பாவின் மோட்டாரையே தாங்காமல் ஒருமுறை அவரை வண்டியோடு தண்ணீரில் இறக்கிய பாலம் அது.

அந்தப் பாலத்தைத் தாண்டினால் அம்மாவின் தோட்டம். ஓடையோரப் பள்ளத்தில் மரவள்ளி, பயற்றங்காய், கத்தரி, மிளகாய். அங்கே யாரும் எதுவும் நடக்கூடாது என்று எஸ்டேட் கணக்கரான கிராணி இரண்டு முறை பிரட்டுக் களத்தில், காலையில் ஆள் கணக்கு எடுக்கும்போதே சொல்லிவிட்டார். இரண்டு முறையும் அம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார், மாலையில் போய்க் களை பிடுங்கினார். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, வெட்டாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. மழை மாதங்களில் எங்கள் வீட்டு அடுப்பு அந்தப் பள்ளத்தை நம்பித்தான் எரிந்தது. படைக்கு முக்கியமானது சாப்பாடு என்று சித்தப்பா சொல்லியிருந்ததால், என்னிடம் இருந்த பச்சைப் பென்சில் முழுவதையும் அங்கேயே தேய்த்தேன். 'மரவள்ளி நாற்பத்திரண்டு' என்று செடிகளை எண்ணியும் எழுதினேன்.

சரியாக அந்த வாரம் பார்த்துச் சர்வேயர்கள் வந்து இறங்கினார்கள். புது ரோடு போடப்போகிறார்கள் என்று எஸ்டேட்டில் பேச்சு. சிரம்பானிலிருந்து வந்த தமிழர் ஒருவர், அளவுச் சங்கிலி பிடிக்க இரண்டு மலாய்க்காரர்கள். சர்வேயர் இளவயது. அட்டைப் பூச்சிக்குப் பயந்து காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, அதற்கு மேல் புகையிலைத் தண்ணீரும் தெளித்துக்கொண்டு நடப்பார். ஊர் தெரியாமல் பாவம் அலைகிறாரே என்று எனக்கு இரக்கமாகிவிட்டது. பள்ளி விட்டு வரும் வழியில் என் வரைபடத்தை அவர் கையில் கொடுத்தேன்.

இரவுச் சாப்பாட்டில் பெருமையாக விஷயத்தைச் சொன்னேன். அம்மாவின் கை சோற்றிலேயே நின்றது.

"தோட்டத்தையும் போட்டியா?"

"அதத்தாம்மா பச்சையில நல்லாப் போட்டிருக்கேன்."

அப்பா சிரிக்கப் போய், அம்மா பார்த்த பார்வையில் அதை இருமலாக மாற்றிக்கொண்டார். அம்மா எழுந்து கை கழுவினார். அதற்குப் பிறகு படுக்கும்வரை என் பக்கம் திரும்பாமல் பாத்திரங்களையே தேய்த்துக்கொண்டிருந்தார். அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மறுநாள் பால் எடை போட்டு முடிந்ததும் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனார். அங்கே நிழலில் மூன்று பேரும் என் வரைபடத்தை விரித்துவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கக்கா. இந்தப் பாப்பாவா?" என்றார் சர்வேயர். "பாப்பா, ஒன் மேப்புப்படி பாத்தா மாரியாத்தா ஆத்துக்குள்ள நிக்கிது லா. உங்க லயம் பாதி பக்கத்து எஸ்டேட்டுல கெடக்கு. எதால அளந்த?"

"நிரையால சார்."

அவர் நெற்றியில் தட்டிக்கொண்டார். பழைய காட்டில் மரங்களை அகலமாக விட்டு நட்டிருக்கிறார்கள், புதுக் காட்டில் நெருக்கமாக. அங்கே பத்து நிரையும் இங்கே பத்து நிரையும் ஒன்றல்ல. நான் எல்லா நிரையையும் ஒரே அளவாகப் போட்டு, எஸ்டேட்டை ஒரு பக்கம் இழுத்து ஒரு பக்கம் சுருக்கிவிட்டேன். எனக்கு மானம் போயிற்று. அம்மாவுக்கோ போன உயிர் வந்தது.

"சின்னப் புள்ள சார், சும்மா கிறுக்கியிருக்கு. குடுத்துருங்க" என்று கையை நீட்டினார்.

சர்வேயர் கொடுக்கவில்லை. பச்சை மூலையில் விரலை வைத்தார். "இந்த எடம் மட்டும் எப்படி இவ்ளோ கரெக்டா இருக்கு? நேத்து நாங்க அளந்ததுக்கும் இதுக்கும் ரெண்டடிகூட வித்தியாசம் இல்ல."

"அங்க மரம் இல்லல்ல சார். காலடியால அளந்தேன்" என்றேன், போன மானத்தை மீட்டுக்கொள்ளும் அவசரத்தில். அம்மாவின் நகம் என் கையில் இறங்கியது அதற்குப் பிறகுதான்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "எம் புள்ளைங்க சாப்பாடு சார் அது. கிராணி ஐயாகிட்ட சொல்லிறாதீங்க" என்றார். அம்மா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது.

சர்வேயர் வரைபடத்தை மடித்தார். "மரவள்ளி நட்டா எத்தனை மாசமாகும் அக்கா?"

"ஒம்போது, பத்து மாசம் ஆவும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சங்கிலி பிடிக்கும் பெரியவரிடம் மலாயில், பாப்பாவுக்குக் கண்ணாடியில் காட்டுங்கள் என்றார். அந்தப் பெரியவர், பாக்சிக், என்னைத் தூக்கி, முக்காலி மேல் இருந்த கருவியில் கண் வைக்கச் சொன்னார். வந்த அழுகை அங்கேயே நின்றுபோனது. உள்ளே எங்கள் கோயில் தலைகீழாகத் தொங்கியது. பூசாரி வானத்தில் பாதம் வைத்து நடந்து போனார். மூன்றாம் வீட்டு அத்தை தலைகீழாகக் கோழிகளுக்குத் தவிடு போட்டார், ஒரு பொட்டுக்கூடக் கீழே விழவில்லை. இப்போதாவது சரியாக எண்ணிவிடலாம் என்று பதினான்குவரை வந்தபோது, பின்னால் பேச்சு காதில் விழுந்தது. சர்வேயரின் குரலில் 'ஆறு மாசம்' என்பது மட்டும் கேட்டது. "நெசமாவா தம்பி?" என்று அம்மா கேட்டார். சார் எப்போது தம்பி ஆனார் என்று தெரியவில்லை. நான் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

திரும்பும்போது வரைபடம் அம்மா கையில் இருந்தது. வழியெல்லாம் குட்டு விழும் என்று தலையைச் சாய்த்துக்கொண்டே நடந்தேன். விழவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா அதிசயமாக எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார், அதுவும் பால் ஊற்றி. என் வரைபடத்தைத்தான் சர்வேயர் புகழ்ந்திருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். ஊரெல்லாம் சொல்லவும் செய்தேன்.

கிராணி தோட்டத்துப் பக்கம் வரவேயில்லை. ரோடும் வரவில்லை; அளந்தது எஸ்டேட்டை விற்பதற்காம். ஆறே மாதத்தில் எஸ்டேட் கைமாறியது, ஆட்கள் லாபுவுக்கும் சிரம்பானுக்குமாகப் பிரிந்தார்கள். எங்களுக்குச் சிரம்பானில் மூன்றாம் மாடி வீடு.

ஆனால் அதற்கு முன், சர்வேயர்கள் போன மறுநாள், விதைக்கென்று எடுத்துவைத்திருந்த மரவள்ளிக் குச்சிகளை அம்மா வெட்டி அடுப்பில் போட்டார். கிழங்கு பிடுங்கிய இடங்களில் கீரை தூவினார், கங்கோங் கீரையும் வைத்தார். அது முடிந்ததும் மறுபடியும் கீரை. எனக்கோ மரவள்ளி என்றாலே தொண்டையில் இறங்காது. "இனிமே கெழங்கே நட மாட்டீங்களாம்மா?" என்றேன்.

"கீரைதான் சீக்கிரம் வரும்" என்றார் அம்மா, தண்ணீர் தெளித்துக்கொண்டே.

ஏன் சீக்கிரம் வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. கிழங்கு ஒழிந்தது என்று பாலத்தின் மேல் குதித்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன்.