தேன் என்று காதில் விழுந்த செடி

எங்கள் வீட்டுப் பக்கவாட்டில், துவைக்கிற கல்லை ஒட்டி ஒரு பாத்தி உண்டு. பாத்தி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வீட்டை இடித்துக் கட்டியபோது மிஞ்சிய செங்கல் துண்டும் சுண்ணாம்புக் காரையும் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. அதன்மேல் பல வருஷத்துச் சோப்புத் தண்ணீர். அங்கே தளம் போட்டு என் ஸ்கூட்டரை நிறுத்தலாம் என்று இரண்டு மூட்டை சிமெண்ட் வாங்கி வைத்தேன்.

என் மனைவி குறுக்கே நின்றாள். "மாசி மகம் வரைக்கும் வுடுங்க. அதுக்குள்ள நான் நெனச்ச செடி வரலன்னா நானே மேஸ்திரிய கூப்புடறேன்."

அவள் சமையல் வேலை பார்க்கும் வீட்டு அம்மாவைப் பிரெஞ்சு வழக்கப்படி மதாம் என்பாள். அந்த மதாம், ஒரு செடியைக் காட்டி, "இது நம்ம ஊரு மண்ணுல வராது, தொட்டியில வெச்சே சாவுது" என்று சொல்லிவிட்டாராம். அதுதான் இவளைச் சுட்டிருக்கிறது.

ஒரு நாள் காலையில், "சாயங்காலம் மதாம் வூட்லேருந்து தேம் எடுத்தாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வந்ததும் நான் ஒரு கண்ணாடி பாட்டிலைக் கழுவிக் காயவைத்தேன். நீள ரொட்டி ஒன்றும் வாங்கிவந்து காத்திருந்தேன். அவளோ ஈரத்துணியைப் பிரித்து, நொய்யரிசி அளவு இலை வைத்த நாலு குச்சிகளை எடுத்தாள்.

"தேன் எங்கடி?"

பிரெஞ்சுக்காரர்கள் சூப்பிலும் கறியிலும் போடுகிற இலைக்குத்தான் தேம் என்று பெயராம். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அப்படிச் சிரித்தாள். நான் வெறும் ரொட்டியைக் கோபத்தோடு மென்றேன்.

தினமும் சாயங்காலம் வேலைவிட்டு வந்ததும் பாத்தியில் குந்திக்கொள்வாள். காரையைத் தோண்டி மதிலோரம் குவித்தாள். மண்ணைச் சலித்தாள், எரு கலந்தாள். புதினா, கற்பூரவல்லி, திருநீற்றுப்பச்சிலை எல்லாம் போட்டி போட்டு வளர்ந்தன. தேம் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று குச்சி அடி கறுத்துச் சாய்ந்தது.

"மேஸ்திரிக்குச் சொல்லிடவா?" என்றேன். அவள் முகம் சுருங்கியது. அப்படிக் கேட்டதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

செத்த குச்சியைப் பிடுங்கி, வேரை விரலால் நசுக்கிப் பார்த்தாள். "சோறு ஜாஸ்தியா போட்டுட்டேன். இது பட்டினி கெடக்கற ஜாதி" என்றாள். மிச்சமிருந்த ஒன்றைக் கொண்டுபோய், மதிலோரம் குவித்த காரைக் குப்பையிலேயே நட்டாள். எரு கிடையாது. தண்ணீர் கேட்டால்தான் தண்ணீர். எனக்கு இவள் புத்தி பிசகிவிட்டதோ என்றிருந்தது.

மாசி மகத்தன்று கடற்கரைக்குப் போய்த் திரும்பியதும் நேரே அங்கேதான் போனாள். செங்கல் துண்டுகளுக்கு நடுவே தேம் பச்சையாகப் படர்ந்து கிடந்தது. மறுநாள் ஒரு கொத்து கிள்ளிக்கொண்டு வேலைக்குப் போனாள். மதாம் முகர்ந்து பார்த்துவிட்டு, "எனக்கும் ஒரு செடி வெச்சுக் குடும்மா" என்று கேட்டாராம். எனக்கு என் பெண்டாட்டியை நினைத்து அவ்வளவு பெருமை. படிக்காத பாடத்தை ஒரு செத்த வேரிலிருந்து கற்றுக்கொண்டவள்.

மேஸ்திரியை நான்தான் கூப்பிட்டேன். சோப்புத் தண்ணீர் பாத்திக்குள் போகாதபடி கரை கட்டவே அந்தச் சிமெண்ட் சரியாக இருந்தது. ஸ்கூட்டர் இன்னும் தெருவில்தான் வெயிலில் நிற்கிறது.

நான் கழுவி வைத்த பாட்டிலில் இப்போது காய்ந்த தேம் இலை இருக்கிறது. அதன்மேல் ஒரு காகிதம் ஒட்டி, பெரிய எழுத்தில் 'தேன்' என்று எழுதி வைத்திருக்கிறாள்.