நூற்றொரு டாலர் மொய்

போன சனிக்கிழமை என் மகனின் கல்யாண வரவேற்பில், ஆடுகிற இடத்தின் நட்டநடுவே நின்று, நூறு டாலருக்குச் சில்லறை வாங்கினேன். தொண்ணூற்றொரு பேர் பார்த்தார்கள். சாப்பாடு சொல்லியிருந்தது எண்பத்து நான்கு பேருக்கு. அது தனிக் கவலை.

மருமகள் மரிசெல், பிலிப்பைன்ஸில் செபு ஊர்க்காரி. சிட்னியில் நர்ஸ். அங்கேயே பென்டில் ஹில்லில் எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது, அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். மாதம் அம்மாவுக்கு எவ்வளவு அனுப்புகிறாய்? தெரிந்துகொள்ளத்தானே கேட்டேன்... தொகையைச் சொன்னாள். அதன்பின் ஐந்து மாதம் எனக்குக் கிடைத்தது யெஸ், நோ — இரண்டே வார்த்தை.

"கருவாடு வித்து இவளைப் படிக்க வெச்சவங்கப்பா அவங்க. அவங்களுக்கு அனுப்புறதைப் போய் கணக்கு கேட்டிருக்கீங்க" என்றான் மகன். மனைவி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதுதான் அதிகம் உறைத்தது.

மன்னிப்பை ஆங்கிலத்தில் கேட்டால் ஆபீஸ் கடிதம் மாதிரி இருக்காதா? அவள் ஊர் மொழியான செபுவானோ படிப்பதென்று முடிவு செய்தேன். போனில் தினம் இரண்டு வார்த்தை. மூன்று வாரத்தில் நாற்பத்திரண்டு.

குவார்த்தா என்றால் பணம். பிலா, எவ்வளவு. சுக்லி, கடைக்காரர் திருப்பித் தரும் மீதி. சின்சில்யோ, சில்லறைக் காசு. மாம்பழத்தை எண்ண அவர்களுக்குச் சொந்த எண்கள் உண்டு. விலை சொல்லும்போது மட்டும் ஸ்பானிய எண்கள். இருபது பெசோவுக்கு 'பைன்டே'. நாமும் பில் தொகையை 'ட்வென்டி' என்றுதானே சொல்கிறோம்?

"ஏம்ப்பா எல்லாமே பணமாவே இருக்கு?"

"காய்கறிப் பேரும் இருக்குடா. மனசுல நிக்கல."

வரவேற்பில் அவர்கள் வழக்கம் ஒன்று. மணமக்கள் ஆடும்போது, ஒவ்வொருவராகப் போய் அவர்கள் உடையில் பண நோட்டைக் குத்துவார்கள். இங்கே நோட்டு பிளாஸ்டிக். குண்டூசி ஏறாது என்று கிளிப் வைத்திருந்தார்கள். நமக்கு இது மொய். மொய் என்றால் நூற்றொன்று. ஆனால், ஆஸ்திரேலியாவில் ஒரு டாலருக்கு நோட்டு ஏது? நாணயம்தான்.

மரிசெல்லின் முக்காட்டில் முதலில் நாணயத்தை மாட்டப் பார்த்தேன். கிளிப்பில் நிற்கவில்லை. இரண்டு முறை விழுந்தது. பொறுக்கி இடது கைக்குள் வைத்து மூடிக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே சம்பந்தியம்மா. படித்ததைப் பயன்படுத்த இதைவிட நல்ல சமயம் வருமா? வலது கையில் இருந்த நூறு டாலரை அவர் பக்கம் நீட்டி, "சின்சில்யோ" என்றேன். கூடவே ஒரு காசும் இருக்கிறது என்ற அர்த்தத்தில்.

நாற்பது வருஷம் சந்தையில் உட்கார்ந்தவர். கைப்பையைத் திறந்தார். "பைன்டே, பைன்டே" என்று ஐந்து இருபது டாலர் நோட்டுகளை என் கையில் வைத்தார். நூறை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

"அப்பா... மொய் வைக்க வந்து மீதி வாங்குறீங்களா?" என்றான் மகன்.

மரிசெல் ஆடுவதை நிறுத்திவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தால், ஐந்து மாதம் ஐந்து வருஷமாகிவிடும் போலிருந்தது. இடது கையைத் திறந்து காட்டினேன். ஆங்கிலத்திலேயே சொன்னேன் — "நூறோட நிறுத்தினா முடிஞ்சுபோச்சுன்னு ஆயிடும்மா. ஒண்ணு சேத்தா, இன்னும் தொடரும்னு எங்க வழக்கம். அன்னிக்கு உன்கிட்ட கேட்டது தப்பு."

அதை அவள் அம்மாவிடம் சொன்னாள். நான் சொன்னதைவிட நீளமாக இருந்தது. அவர் தன் கைக்குட்டையின் மூலையில் நாணயத்தை வைத்து முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சை மகளின் முக்காட்டில் கிளிப்பால் மாட்டினார். பக்கத்திலேயே நான் ஐந்து நோட்டுகளையும் மாட்டினேன்.

"கிளிப் பத்தலைன்னா சொல்லுங்க அங்கிள்" என்றாள் மரிசெல். ஐந்து மாதத்தில் முதல் முழு வாக்கியம்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் நோட்டுக் குவியல். மரிசெல் என்னைக் கூப்பிட்டாள். "அம்மா ஒரு தடவை எண்ணிட்டாங்க அங்கிள். நீங்களும் எண்ணிப் பாருங்க."

மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் சம்பந்தியம்மா சொன்ன தொகையே வந்தது.

எவ்வளவு என்றா கேட்கிறீர்கள்? அதையெல்லாம் கேட்கக் கூடாது.